கூலண்ட் பனி ஊருக்கு மட்டும்தானா?

"நம்ம ஊர்ல என்ன, தண்ணி கட்டியாவா உறையுது? கூலண்ட் எல்லாம் காஷ்மீர்ல ஓட்றவங்களுக்கு. நமக்குப் பச்சைத் தண்ணியே போதும்." தருமபுரிப் பட்டறைகளிலும் பாலக்கோடு தக்காளி மார்க்கெட் வாசலிலும் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த கிளீனரும் இதைத்தான் சொல்கிறார், பல வண்டி வைத்திருக்கும் ஓனரும் இதைத்தான் சொல்கிறார். தொப்பூர் ஏற்றத்தில் கொதித்து நிற்கும் லாரிகளைப் பாருங்கள். பக்கத்து வயல் போர் தண்ணியைக் குடத்தில் பிடித்து வந்து, சூடு ஆறாத இன்ஜினில் அப்படியே ஊற்றுகிறார்கள். ஹெட் வெடித்த பிறகு கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

நம் மாவட்டத்தில் தண்ணீர் உறையாது என்பது உண்மை. மார்கழி விடியற்காலையிலும் உறைநிலைக்கு வெகு மேலேதான் இருக்கிறோம். ஆனால் உறையாமல் காப்பது கூலண்டின் மூன்று வேலைகளில் ஒன்று மட்டுமே. சீக்கிரம் கொதிக்க விடாமல் வைப்பதும், உள்ளே துருவும் அரிப்பும் வராமல் காப்பதும் மற்ற இரண்டு. இவை இரண்டும் பனி ஊரைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி கலந்தால் சுமார் 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அதற்கு மேலும் தாங்கும். லோடோடு இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு அந்தச் சில டிகிரிதான் உயிர்.

அரிப்பு இன்னும் மோசம். பெரிய டீசல் இன்ஜின்களில் லைனரின் வெளிச்சுவரைத் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே எரிபொருள் வெடிக்கும்போதெல்லாம் லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் சுவரை ஒட்டி நுண்ணிய ஆவிக்குமிழ்கள் தோன்றி, அடுத்த நொடியே நொறுங்குகின்றன. நொறுங்கும் வேகம் இரும்பைக் கொத்திக்கொண்டே போகும். நல்ல கூலண்டில் உள்ள தடுப்பு ரசாயனங்கள் லைனர் மேல் மெல்லிய படலமாகப் படிந்து இதைத் தடுக்கின்றன. வெறும் தண்ணீரில் ஓடிய லைனரைக் கழற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் முழுக்க ஊசி குத்தியதுபோல் குழி குழியாக இருக்கும். ஒரு குழி மறுபக்கம் வந்துவிட்டால் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். அப்புறம் பேரிங், கிராங்க் என்று வரிசையாகப் போகும்.

இதோடு நம் போர் தண்ணீரும் சேர்கிறது. ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் மக்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கினார்கள். ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளோரைடு இல்லை. கால்சியமும் மெக்னீசியமும்தான். அதிகம் சூடாகும் இடத்தில் அவை உப்புப் படலமாக ஒட்டி, வெப்பம் வெளியேற வழியில்லாமல் செய்கின்றன. ஆகவே கூலண்டில் கலக்கவும் போர் தண்ணீர் ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்குங்கள், அல்லது கலந்தே வரும் கூலண்டை வாங்குங்கள்.

இன்னொன்று. நம் ஊர் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்குகிறது. ஆப்பிள் ஏற்ற அங்கே போகிற தமிழ்நாட்டு லாரிகள் உண்டு. 2021 ஜனவரியில் அங்கே குளிர் மைனஸ் 8-க்கும் கீழே போய் தால் ஏரி உறைந்தது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு பிளாக் அந்த விரிவைத் தாங்காது. பச்சைத் தண்ணியோடு அங்கே ஒரு இரவு வண்டியை நிறுத்துகிறவர் காலையில் வெடித்த பிளாக்கைத்தான் பார்ப்பார்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம்.

"கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது." தவறு. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி கலவைதான் மைனஸ் 37 வரை தாங்கும். வெப்பத்தைக் கடத்துவதிலும் தனிக் கிளைக்கால் மட்டம்.

"பச்சை நிறம்தான் ஒரிஜினல்." நிறம் வெறும் சாயம். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். வகை மாற்றிக் கலந்தால் உள்ளே சேறாகக் கட்டிக்கொள்ளும்.

"சூட்டு ஊருக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்." கழற்றி வீசாதீர்கள். சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குறைப்பதாக நினைத்த சூடு கூடும்.

"பனியில் டீசல் கட்டினால் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டலாம்." இதைச் செய்கிறவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்கிற்காகவே கொண்டுவந்தது.

"படகு மோட்டாருக்கும் கூலண்ட் ஊற்றலாம்." பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியேட்டரே கிடையாது. ஆற்று நீரையே உறிஞ்சிச் சுற்றவிட்டுத் திரும்பக் கொட்டும். கரையேற்றியதும் செங்குத்தாக நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும், உறைய ஒன்றும் மிஞ்சாது. காவிரி வெள்ளத்தில் ஓட்டிய மோட்டாருக்கு மணலும் சேறும்தான் பகை. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

கடைசியாக, எனக்கு மனம் ஆறாத ஒரு விஷயம். கூலண்ட் மாற்றும் பட்டறைகளில் பழையதை வாசலிலேயே திறந்துவிடுகிறார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் நக்கிக் குடிக்கும். உடம்பில் அது ஆக்சலேட் படிகமாக மாறிச் சிறுநீரகத்தை அழித்துவிடும். கொஞ்சம் குடித்தாலே சாவுதான். குழந்தைகளுக்கும் இதே ஆபத்து. அமெரிக்காவில் இதற்காகவே கூலண்டில் கசப்புப் பொருள் சேர்க்கிறார்கள். இங்கும் அதைக் கட்டாயமாக்கும்படி நாம் கேட்க வேண்டும். அதுவரை, பட்டறைக்காரர்களே, பழைய கூலண்டை மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள். கேன் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதுங்கள். தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் மண் போட்டு அள்ளிவிடுங்கள்.