வாங்கிய வண்டியில் குறை தெரியவந்தால்...



வட்டிக்கு லோன் போட்டுப் புதுக்கார் வாங்காமல், கையில் சேர்த்த பணத்துக்கு ஏற்ப ஒரு பழைய காரை வாங்குவது நல்ல முடிவு. நம் மஹல்லாவில் பல குடும்பங்கள் அப்படித்தான் வாங்குகின்றன. ஆனால் வாங்கிய சில நாட்களிலேயே எதிர்பாராத ரிப்பேர் வந்துவிட்டால் என்ன செய்வது? கோபத்தில் ஒருவர் விற்றவரின் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுகிறார். இன்னொருவர் பேசாமல் கடன் வாங்கிச் செலவு செய்கிறார். வேறொருவர் குறையை மூடி மறைத்து அடுத்தவருக்கு விற்றுவிடுகிறார். மார்க்கம் காட்டும் வழி இந்த மூன்றும் அல்ல. சமீபத்தில் நம் அறக்கட்டளைக்கு வந்த ஒரு விவகாரத்தை, இரு தரப்பாரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

ஒரு சகோதரர் தம் தாயாரை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வதற்காக, பக்கத்து மஹல்லாவைச் சேர்ந்த ஒருவரிடம் 2,40,000 ரூபாய்க்கு ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். "வண்டி பக்கா கண்டிஷன், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் பாய்" என்று சொல்லித்தான் விற்றவர் சாவியைக் கொடுத்தார். 19ஆம் நாள், தாயாருடன் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வீடு ஆறு கிலோமீட்டர்தானே என்று நிறுத்தாமல் ஓட்டி வந்துவிட்டார். தெருமுனையில் வெள்ளைப் புகையோடு வண்டி நின்றது.

மெக்கானிக் திறந்து பார்த்தார். ரேடியேட்டரின் அடியில் மஞ்சள் தூள் படிந்து கிடந்தது. சிறிய ஓட்டையை அடைக்க அதைப் போடுவது பழைய கைவைத்தியம். தெர்மோஸ்டாட் வால்வைக் காணவில்லை. எஞ்சின் சூடு ஏறிய பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு அது. அதைக் கழற்றிவிட்டால் கூலண்ட் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கும்போது முள் ஏறாது; குறையும் தெரியாது. வாட்டர் பம்ப்பிலும் கசிவு இருந்தது. இவற்றோடு, அந்த ஆறு கிலோமீட்டர் ஓட்டத்தில் எஞ்சினின் ஹெட் வளைந்து கேஸ்கெட்டும் போயிருந்தது. மொத்த எஸ்டிமேட் 41,500 ரூபாய்.

ஈரத் தானியம்

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததுதான். கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அந்த வியாபாரி தானியத்தை நனைத்தவர் அல்லர். மழை நனைத்தது, அவர் மறைத்தார். ரேடியேட்டரின் அடியில் கிடந்த மஞ்சள் தூளும் அந்த ஈரத் தானியம்தான். பழைய வண்டியில் குறை இருப்பது குற்றமில்லை. தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

மார்க்கம் தரும் உரிமை

வாங்கிய பொருளில், வாங்குவதற்கு முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்களில் இதற்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். இந்த உரிமையில் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று, குறை விற்பதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு நம் கையில் ஏற்பட்ட குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல.

இரண்டு, குறை தெரிந்த பிறகும் பொருளை நம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், குறையோடு ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில், தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்க முன்வருவதும் அவசியம்.

மூன்று, பழைய குறையோடு நம் கையில் புதிய குறையும் சேர்ந்துவிட்டால், விற்றவர் விரும்பினாலன்றி அப்படியே திருப்பிக் கொடுக்க முடியாது. அப்போது பழைய குறையால் குறைந்த மதிப்பை விற்றவரிடம் கேட்டுப் பெறலாம்.

நான்கு, "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல, உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நிபந்தனை போட்டு விற்றிருந்தால், ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் கார் போன்ற பொருளில் அந்தச் சொல் விற்றவரின் பொறுப்பை நீக்காது. ஆனால், தெரிந்தே மறைப்பது பாவம் என்பதில் இரு மத்ஹபுக்கும் வேறுபாடு இல்லை. எனவே கையெழுத்திடும் முன் இந்த வாசகத்தைக் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேளுங்கள்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள்

முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான எஞ்சின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. நன்றாக ஆறும்வரை காத்திருந்து, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கட்டி இழுக்கும் கூலி, வளைந்த ஹெட்டைச் சரிசெய்யும் கூலியைவிட மிகக் குறைவு.

நிறுத்தினால் எஞ்சின் தப்பும். திருப்பிக் கொடுக்கும் உரிமையும் தப்பும். நம் சகோதரர் அந்த ஆறு கிலோமீட்டரில் இரண்டையும் இழந்தார்.

அடுத்து, மெக்கானிக் கைவைக்கும் முன் விற்றவருக்குத் தகவல் சொல்லுங்கள். "நேரில் வந்து பாருங்கள், அல்லது உங்கள் மெக்கானிக்கை அனுப்புங்கள்" என்று சொல்லி, அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள். குறையைப் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். முதலில் நல்லெண்ணம் கொள்ளுங்கள். அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். தெருவில் வைத்துப் பேசாமல் இரு தரப்பிலும் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள்.

தீர்வு எப்படி அமைந்தது?

இரு தரப்பையும் அழைத்து, பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் முன்னிலையில் அமர்ந்தோம். விற்றவர் முதலில் மறுத்தார். ஹஜ்ரத் அவர்கள் சத்தியம் கேட்கவில்லை. தானியக் குவியலின் நிகழ்ச்சியை மட்டும் நினைவூட்டினார்கள். சற்று நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டினேன் ஹஜ்ரத். சொன்னால் விலை குறையுமே என்று சொல்லவில்லை" என்றார் அவர். வாங்கியவரும், முள் ஏறியது தெரிந்தே ஓட்டியது தம் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு கணக்கு. கார் வியாபாரம் தெரிந்த இருவரை மதிப்பிடச் சொன்னோம். விற்ற நாளில் குறையில்லாத நிலையில் அந்த வண்டியின் மதிப்பு 2,50,000. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் குறைகளோடு 2,30,000 என்றார்கள். வித்தியாசம் 20,000. அதாவது நல்ல மதிப்பில் நூற்றுக்கு எட்டு. அந்த விகிதத்தைக் கொடுத்த விலையான 2,40,000 மீது போட்டால் 19,200 ரூபாய். இதை விற்றவர் கொடுத்தார். ஹெட் வளைந்தது வாங்கியவர் கையில் நடந்தது என்பதால் மீதி 22,300 அவர் பொறுப்பு. இருவரும் முஸாஃபஹா செய்து பிரிந்தார்கள்.

மெக்கானிக்கிடம் எப்படி ஒப்படைப்பது?

பாகம் எவ்வளவு, லேபர் எவ்வளவு என்று தனித்தனியாக எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். பெரிய தொகை என்றால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். "இந்தத் தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் செய்யாதீர்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் அளந்து பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். சில மாதத்தில் அதே செலவு மீண்டும் வரும். பேசிய கூலியை வேலை முடிந்ததும் தாமதிக்காமல் கொடுத்துவிடுவது நம் கடமை.

பணத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. அந்தச் சகோதரர் மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைக்க எடுத்துவிட்டார். நகை மனைவியின் சொத்து. அவர் மனமொப்பித் தந்தாலன்றி அதைத் தொடக் கூடாது. தந்தாலும் வட்டி வட்டிதான். நாம் அவருக்கு 15,000 ரூபாய் கர்ழே ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தோம். மாதம் 1,500 வீதம் பத்துத் தவணை. மீதி 7,300 ரூபாயை அவரே போட்டார். கடனை எழுதிச் சாட்சி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் வழிகாட்டுகிறது. அதன்படி எழுதி, இரு சாட்சிகளிடம் கையொப்பமும் பெற்றோம். அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது. எனவே தவணை கட்ட முடியாத மாதத்தில் ஒளிந்துகொள்ளாமல் வந்து சொல்லுங்கள். நீங்கள் திருப்பிச் செலுத்தும் பணம்தான் அடுத்த குடும்பத்துக்குக் கடனாகப் போகிறது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

தனி நபரிடம் அல்லாமல், கார் விற்பதையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்கியிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும் எழுத்துப் பேச்சும் கையில் இருந்தால்தான் இவை பயன்படும். வாகன இன்சூரன்ஸ் பொதுவாக விபத்துச் சேதத்துக்குத்தான். தேய்மானத்தாலும் பழுதாலும் வரும் ரிப்பேருக்குக் கிடைக்காது. ரிப்பேர் தகராறு நடந்தாலும் ஆர்.சி. பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கும், 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசிச் சோதனை

வண்டி பழுதாகி நின்ற அன்றே ஒரு நண்பர் அந்தச் சகோதரரிடம் சொன்னாராம்: "எதற்கு இவ்வளவு செலவு? மேலோட்டமாகச் சரிபண்ணி வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிடு." பணமுடை இருக்கும் நேரத்தில் இந்தச் சொல் இனிக்கும். ஆனால் நம்மை ஏமாற்றியவர் செய்ததும் இதுதானே? நாமும் அதையே செய்தால், அவர் மீது குறை சொல்லும் வாய் நமக்கு ஏது? ஒரு குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்ற கருத்தில் நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியிருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

நாளை அந்தக் காரை விற்கும் நாள் வந்தால், ஹெட் இறக்கி வேலை பார்த்ததைச் சொல்லியே விற்பேன் என்று அந்தச் சகோதரர் நம்மிடம் சொன்னார். பில்களையெல்லாம் ஆர்.சி.யோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறார். இப்போது அதே வண்டியில்தான் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். தாயாருக்காகத் துஆ செய்யுங்கள்.

பழைய வண்டி வாங்க இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் நம்பகமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்டைப் பாருங்கள். அரைமணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். தெரிந்த குறை என்னென்ன என்று விற்பவரிடம் நேரடியாகக் கேட்டு, அவர் சொல்வதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விற்க இருப்பவர்கள், ஈரத் தானியத்தை மேலே வையுங்கள்.

நம் வியாபாரத்திலும் வாகனங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம்மை வட்டியிலிருந்தும் வஞ்சகத்திலிருந்தும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்