அடுப்புப் புகையும் பிள்ளையின் மூளையும்



அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், அவ்வளவுதானே என்கிறோம். அது மூளையையும் விடாது.

விறகு, வறட்டிப் புகையிலுள்ள நுண்தூசி தலைமுடிக் கனத்தில் சுமார் 30-ல் ஒரு பங்குதான். அதிலும் மிக நுண்ணியவை நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாய் கர்ப்பமாயிருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் பிராணவாயு குறையும். மூளை வளர்கிற காலத்தில் இது ஆகுமா? முதுமையில் வரும் மறதி நோய்க்கும் காற்று மாசு ஒரு காரணம் என்று 2020-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு கூறியது.

செய்ய வேண்டியவை:

1. காஸ் சிலிண்டரை விருந்தாளிக்கென்று ஒதுக்கி வைக்காதீங்க. அன்றாடச் சமையலுக்கே அதுதான்.
2. விறகடுப்பு என்றால் காய்ந்த விறகு, புகைபோக்கி, திறந்த ஜன்னல் அவசியம். வெந்நீர் அடுப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.
3. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் புகையருகில் வேண்டாம். அந்த மாதங்களில் கணவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

புகையில்லா அடுக்களை, தெளிவான மூளை!