வெகுளி: ஒரு சொல்லும் அதன் பொருளும்



"அவ சரியான வெகுளிங்க, அவகிட்ட போய் என்னத்தக் கேக்குறது?" இந்தப் பேச்சு வராத குழுக் கூட்டம் உண்டா? சூதுவாது தெரியாதவள், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுபவள் என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறோம். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பழைய பொருளே வேறு. வெகுளி என்றால் கோபம்! வெகுள்வது என்றால் சினந்து எழுவது. திருக்குறளில் 31-ஆவது அதிகாரத்தின் பெயர் 'வெகுளாமை'. கோபம் கொள்ளாமை என்று பொருள். (ஏமாளியாக இருக்காதே என்று வள்ளுவர் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம்!) பிற்பாடு வடமொழியிலிருந்து வந்த 'கோபம்' பேச்சில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெகுளியோ அப்பாவிப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. மனசில் எழுந்து உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளை அது எட்டாகச் சொல்கிறது. சிரிப்பு, அழுகை, அச்சம் போல வெகுளியும் அதில் ஒன்று. வெகுளி எதனால் வரும்? உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு காரணம். உறுப்பறை என்பது கை, கண் போன்ற உறுப்புக்குச் சேதம் செய்வது. குடிகோள் என்பது குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு நினைப்பது. அலை என்பது வைவதும் அடிப்பதும். கொலையென்றால் உயிரை எடுப்பது மட்டும்தான் என்று நினைப்போம். உரையாசிரியர் பேராசிரியர் வேறு விதமாக விளக்குகிறார்: ஒருவரின் அறிவையும் புகழையும் பேச்சால் கொல்வதே கொலையாம்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்னடி தெரியும், பேசாம இரு" என்று வீட்டில் கேட்கிறோமே, அது அந்த நாலாவது காரணம்தானே? அதற்குக் கோபம் வருவது இயற்கை என்று இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அடி உதையை மட்டும் வன்முறையாகச் சொல்லவில்லை. கேவலமாகப் பேசுவதும் பட்டப்பெயர் வைத்து இழிவுபடுத்துவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அதில் சேரும்.

கோபத்தை யாரிடம் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். வலியவரிடம் காட்டும் கோபம் நமக்கே தீங்கு, எளியவரிடம் காட்டுவது அதைவிடத் தீது என்கிறார் வள்ளுவர். புருஷன்மேல் வந்த கோபத்தைப் பிள்ளையின் முதுகில் இறக்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். குழுவில் 'வெகுளி' என்று பேர் வாங்கிய அக்காவிடம்தான் எதையும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குகிறோம். அவர் பேரில் கடன் எழுதி வேறொருவர் பணத்தை எடுத்துக்கொள்வதும் அங்கங்கே நடக்கிறது. தவணை கட்டச் சொல்லி ஆள் வந்து நிற்கும்போதுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது. அப்போது அவருக்கு வருமே, அதுதான் பழைய வெகுளி!

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசியுங்கள். கடன் யார் பேரில், எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லட்டும். கையெழுத்து அதற்குப் பிறகு.