மழை மாநிலத்தில் அடீனியம் பூக்க

ஜொகூரில் அடீனியம் வளர்ப்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது வெயிலுக்கு அல்ல, மழைக்கு. கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி இது. அங்கே வறட்சியில் இலையை உதிர்த்து, புதுத் தழை வரும் முன்பே மொட்டைக் கிளையில் பூத்துவிடும். இங்கே ஆண்டு முழுவதும் ஈரம்; அந்த வறட்சியை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். செடி வாங்க நர்சரியில் 'கெம்போஜா ஜெப்புன்' என்று கேளுங்கள்.

தோட்டத்து மண் மட்டும் போதாது. பருமணல், சுட்ட மண், உமிக்கரி கலந்து, அடியில் பெரிய துளையுள்ள மண்சட்டியில் நடுங்கள். அடித்தட்டு வேண்டாம்: வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். தினமும் 6 மணி நேர வெயில் கட்டாயம்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், குறிப்பாக மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கம், சட்டியை அஞ்சடிக்குள் வெளிச்சமான ஓரத்துக்கு மாற்றிவிடுங்கள். இலை கொட்டினால் கலங்காதீர்கள். அப்போது தண்ணீரைக் குறைப்பதே சரி. வாரம் ஒருமுறை அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தால் அழுகிய பகுதியை முழுக்க வெட்டி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே மறுபடி நடலாம்.

மழை ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். பூ புதுக் கிளை நுனியில்தான் வரும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையை மட்டுமே வளர்க்கும். சாம்பல்சத்து கூடுதலாக உள்ளதை வாங்குங்கள்.

வெட்டும்போது கையுறை அவசியம். இதன் பால் கடும் நஞ்சு, ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியது. குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.