ஃபாதருக்குச் சிலையா, மலரா?

எங்கள் பங்குத்தந்தை ஓய்வு பெறப் போகிறார். சிலை வைப்போம் என்கிறார்கள் இளைஞர்கள், சிறப்பு மலர் போடுவோம் என்கிறார்கள் பெரியவர்கள். எது நல்லது?
– வாசகர், கிராண்ட்பாஸ்

மலர்தான். உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைத்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும்!

கல்லைவிட எழுத்துதான் நிலைக்கும். இலங்கையில் மறைப்பணி செய்த புனித யோசேப் வாஸ் 1711இல் கண்டியில் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது நோயாளிகளை அவர் பராமரித்த கதை நமக்குத் தெரியும். எழுதி வைத்தார்களே! செபஸ்தியான் தோ ரேகோ எழுதிய அவரது வரலாறு 1745இல் அச்சேறியது. 2015இல் நம் காலிமுகத்திடலிலேயே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மலரில் அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகளைக் குறையுங்கள். அதே புகைப்படம், அதே நாலு வரி, பெயர் மட்டும் மாறும். அந்தப் பக்கங்களைத் தோட்டத்து ஆச்சிமாருக்குக் கொடுங்கள். எந்த இரவில் ஃபாதர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார், யாருடைய ஸ்கூல் அட்மிஷனுக்குக் கடிதம் கொடுத்தார் என்று கேளுங்கள். எழுதச் சொல்லாதீர்கள், எழுத மாட்டார்கள். பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். சிங்களத்தில் பேசுபவர்களுக்கும் பக்கம் ஒதுக்குங்கள்.

அச்சானதும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஈழத்து மலர்களை எண்ணிமமாக்கி எல்லோரும் படிக்க வைப்பவர்கள் அவர்கள். முதல் பிரதியை மட்டும் ஃபாதரின் கையிலேயே கொடுங்கள். பிழை திருத்த அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.