காற்றாலை வந்தால் கட்டணம் குறையுமா?

கேள்வி: நெடுந்தீவில் காற்றாலையும் சூரியத் தகடுகளும் வந்துவிட்டால் மின்சார சபை நமக்கு எதற்கு? கட்டணமாவது குறையுமா?
— வாசகர் ஒருவர், நெடுந்தீவு

பதில்: கட்டணம் உடனே குறையும் என்று காத்திராதீர்கள், ஐயா. கடல் கடந்து படகில் வந்திறங்கும் டீசலை எரித்துப் பிறப்பிக்கும் மின்சாரத்துக்கு, கொழும்புவாசி கொடுக்கும் அதே விகிதத்தையே நீங்களும் கொடுத்துவருகிறீர்கள். மிகுதி நஷ்டத்தைச் சபை தன் தலையில் சுமக்கிறது. ஆகவே, காற்றும் வெயிலும் தரும் லாபம் முதலில் அந்த நஷ்டத்தைத்தான் அடைக்கும். உங்கள் தீவுக்கென்று அசல் செலவைக் கணக்கிட்டு விற்கும் தனி வியாபாரி ஒருவர் வந்திருந்தால், சபையை நீங்களே வாழ்த்தியிருப்பீர்கள்!

சபை எதற்கு என்கிறீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் தாராளமாய்க் கிடைக்கும் காற்று, அது ஓய்ந்து வாடை எழும்வரையுள்ள நாட்களில், உங்கள் தீவின் கட்டாக்காலிக் குதிரையைப்போல் கூப்பிட்ட குரலுக்கு வராது. அதனாலன்றோ, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக, இந்திய அரசின் ஏறத்தாழ 1.1 கோடி டாலர் நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில், 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றுசக்தி ஆகியவற்றோடு, 2,400 கிலோவாட்மணி மின்கலத்தொகுதியும், ஆபத்துக்கு உதவ 2,500 கிலோவாட் டீசல் இயந்திரங்களும் சேர்த்திருக்கிறார்கள். இவற்றை க்ஷணந்தோறும் இசைவித்துக் கம்பியில் செலுத்தப் பொறுப்பான ஒரு ஸ்தாபனம் வேண்டாமா?

திட்டம் இயங்கத் தொடங்கியதும், கிணற்றுப் பம்பியையும் இஸ்திரிப் பெட்டியையும் நண்பகலிலேயே ஓட்டிவிடுங்கள். இரவில் மின்கலம் விளக்குக்கும் விசிறிக்கும் மிஞ்சும்.