பெயரும் வடிவமும்: சங்கங்கள் அறிய வேண்டிய உரிமைகள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் சொத்துகள் யாவை என வினவினால், கட்டடம், நூல், இருப்புச் சரக்கு, வர வேண்டிய பாக்கி எனக் காரியதரிசி வரிசையாகக் கூறிவிடுவார். ஐந்தொகையில் ஏறாத சொத்துகள் இரண்டு உள. ஒன்று, ஊரின் பெயரால் சரக்குக்கு ஏற்பட்டுள்ள மதிப்பு. மற்றொன்று, நெசவாளர் புதிதாய்க் கண்ட வடிவம். இவ்விரண்டையும் சட்டம் எம்மட்டில் காக்கிறது என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

2016 மே 12ஆம் நாள் மத்திய அமைச்சரவை தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. அதன் குறிக்கோள்கள் ஏழு; மக்களுக்கு இவ்வுரிமைகளை அறிவுறுத்தலே முதலாவது. கொள்கை என்பது புதிய சட்டமன்று. இருக்கும் சட்டங்களை நடத்துதற்கு ஒரு வழிகாட்டி. காப்புரிமை விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அதன் வெற்றியை அளப்பவர் பலர். தறிக்குழியில் பிறக்கும் புதுமை அந்த அளவுகோலுக்குள் அகப்படுவதில்லை என்பது நம் கருத்து.

முதலில் பெயரை நோக்குவோம். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, ஈரோடு மஞ்சள் ஆகியன அதில் பதிவு பெற்றுள்ளன. பெயர் பதிவாகிவிட்டது, இனிக் கவலையில்லை எனப் பல சங்கங்கள் எண்ணியிருக்கின்றன. அவ்வாறன்று. பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனத் தம்மைப் பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளருக்கே உரியது. இதற்கான விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்து, 2020இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. எனவே பணமில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆளில்லாமையே தடை. சங்க அலுவலகம் செய்ய வேண்டிய பணி அது. குறியீட்டின் பதிவு பத்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படல் வேண்டும்.

இவ்வுரிமையை விற்கவோ அடகு வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை. சங்கம் எத்துணைக் கடன்பட்டாலும் ஊரின் பெயர் ஏலத்துக்கு வராது என்பது நமக்கு ஆறுதலான செய்தி. பெயரைப் பொய்யாகச் சாற்றி விற்போருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

ஆயினும் இச்சட்டம் காப்பது பெயரையே. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகளை வேற்றூர் விசைத்தறியில் நெய்து, பவானியைக் குறிப்பால்கூட உணர்த்தாமல் விற்பவர் இதில் சிக்குவதில்லை. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான் அவர்மீது முறையிட முடியும். எந்தக் குறைக்கு எந்தச் சட்டம் என்று தெரியாமல் அனுப்பப்படும் மனு, மேசைக்கு மேசை சென்று திரும்புவதை நாம் கண்டுவருகிறோம்.

இனி வடிவம். புதிய புட்டா, புதிய கரை, புதிய முந்தானை அமைப்பு ஆகியவற்றை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யலாம். உரிமை பத்தாண்டு, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அவ்வடிவம் வெளியாகியிருத்தல் கூடாது. நம் வழக்கமோ நேர்மாறானது: சேலையை நெய்து, தீபாவளிக் கண்காட்சியில் தொங்கவிட்டு, நன்றாக விற்றபின் பதிவைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குள் உரிமை போய்விடுகிறது. பிரதியும் சந்தைக்கு வந்துவிடுகிறது. சந்தைக்கு முன் விண்ணப்பம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாகவே நிறைவேற்றுதல் நலம். எல்லா வடிவத்துக்கும் இச்செலவு தகாது. ஆண்டில் இரண்டு மூன்றைத் தெரிந்தெடுத்தாற் போதும்.

மற்றவற்றுக்கு எளிய வழி ஒரு பதிவேடு. வடிவத்தின் எண், தேதி, வரைபடம், துணித் துண்டு ஆகியவை அதில் இருக்கட்டும். அதனால் தனியுரிமை கிட்டாது. ஆனால் நம் வடிவத்தையே பிறரொருவர் தமதெனப் பதிய முற்படின், முன்பே வெளியான வடிவம் என்று காட்டிச் சான்றாகும். மஞ்சள் வழக்கு இதற்கு உதாரணம். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்தது. பாட்டிமார் அறிந்த மருந்து என்று சொன்னதால் மட்டும் வெற்றி கிட்டவில்லை. பழைய வடமொழி நூலும், 1953இல் இந்திய மருத்துவ இதழொன்றில் அச்சான கட்டுரையும் எழுத்துச் சான்றாக வைக்கப்பட்டன. 1997இல் காப்புரிமை ரத்தாயிற்று.

விதையைப் பற்றி வேளாண் சங்கத்தார் கேட்பதுண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, பதிவு பெற்ற ரகமாயினும் தம் வயலில் விளைந்ததை விதையாகச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை உறையிலோ கொள்கலத்திலோ இட்டு, இன்ன ரகம் என்று முத்திரை பொறித்து விற்பது மட்டும் கூடாது.